பாஸ்வேர்ட் கேட்காத கம்ப்யூட்டர்

அன்று பகலில் கடையில் இருந்தது மூன்று பேர்: முதலாளி ஏகாம்பரம் அண்ணன், டிசைன் போடும் ஸ்டெல்லா அக்கா, அப்புறம் நான். இல்லாதவர் பிரகாஷ். கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் அவர். எங்களுக்கு அன்று தேவைப்பட்ட ஒரே ஆளும் அவர்தான். அவரோ குடும்பத்தோடு வேளாங்கண்ணி போகும் ரயிலில் இருந்தார். எத்தனை முறை அடித்தாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே போன் சொன்னது.

இதெல்லாம் நேற்றுதான் மறுபடி ஞாபகம் வந்தது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "சார், எதை இன்ஸ்டால் பண்ணாலும் பாஸ்வேர்ட் கேக்குது. கேக்காத மாதிரி பண்ணிடலாமா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறக்கும் முன் மூக்கில் சூடான காகித வாசனை அடித்தது. பிரிண்டரிலிருந்து விழும் தாளை முகத்தருகே பிடித்தால் வருமே, அந்த வாசனை.

என் முதல் வேலை முழுக்க அந்த வாசனைதான். அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, டியூஷன் சென்டர் நோட்டீஸ் எல்லாம் அங்கே அச்சாகும். நான் திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருவேன். அப்பா அண்ணனூர் கார் ஷெட்டில் ரயில் பெட்டி கழுவும் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தார். நான் வரும் ரயிலைப் பார்த்து, "நேத்து நான் கழுவுன வண்டிடா அது, சீட்டுல காலு வெக்காத" என்பார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், அதுவும் கம்ப்யூட்டர் படிப்பு. ஆகையால் கடையில் வயர் உள்ள எல்லாப் பொருளும் என் பொறுப்பு என்று முடிவாகிவிட்டது. மின்விசிறி நின்றால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் தெரியாது என்று சொன்னதில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, அதை முறைத்துப் பார்த்துவிட்டு இறங்குவேன்.

லினக்ஸ் வந்ததற்குக் காரணம் வாடிக்கையாளர்களின் பென் டிரைவ்கள். வாரம் ஒரு வைரஸ் வந்து கொண்டிருந்தது. பிரகாஷ் வந்து எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டார். போகும்போது ஒன்று சொன்னார்: சாதாரண வேலைக்குச் சாதாரண ஆளாகவே இருங்கள். அட்மின் அதிகாரம் தேவைப்படும்போது அது பாஸ்வேர்ட் கேட்கும், எதற்குக் கேட்கிறது என்று படித்துவிட்டு அடியுங்கள், வேலை முடிந்ததும் மறுபடி சாதாரண ஆளாகிவிடுங்கள்.

ஏகாம்பரம் அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. அவர்கள் குடும்பம் கோவில்பதாகையில் பயிர் வைத்த குடும்பம். நிலம் மனையான பிறகு அவர் கடை வைத்தார். கடையின் எல்லாப் பூட்டுக்கும் சாவி அவர் இடுப்பில் தொங்கும்.

"கட என்னுது, கரண்டு பில்லு நான் கட்றேன். இது மட்டும் என்னைப் பாத்து நீ யாருன்னு கேக்குது. இன்னா திமிரு பாரு" என்பார்.

நான் முதலில் சொன்ன அந்த நாளுக்கு முந்தின மாலை, நான் சீக்கிரம் கிளம்பிவிட்ட பிறகு, போனில் ஏதோ வீடியோ பார்த்து அந்தத் திமிரை அடக்க உட்கார்ந்திருக்கிறார். கோப்புகளைக் காட்டும் ஜன்னலையே அட்மினாகத் திறந்தார். அதிலிருந்து எதைத் திறந்தாலும் கேள்வி கேட்காமல் திறந்தது. ஸ்டெல்லா அக்காவின் டிசைன் மென்பொருளையும் அப்படியே திறந்து வைத்துவிட்டு, "உக்காரும்மா, இனிமே ஒண்ணும் கேக்காது" என்று எழுந்துகொண்டார். அக்கா உட்கார்ந்து வேலை பார்த்தார். சேமிக்கும்போது அந்த ஜன்னல் காட்டிய இடத்திலேயே சேமித்தார். அது ரூட் என்னும் அட்மினுக்கே சொந்தமான அறை. சாதாரண ஆளால் அதற்குள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

அவர் சேமித்தது சொந்தத் தங்கையின் கல்யாணத் திருப்பலிப் புத்தகம். ஜெபம், வாசகம், பாட்டு எல்லாம் வரிசையாக இருக்கும் சின்னப் புத்தகம். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கையில் அதைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் மண்டபச் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டு, புத்தகத்தை மட்டும் பெண் வீட்டுப் பங்காக விட்டிருந்தார்கள். அப்பா இல்லாத வீடு. இந்த ஒன்றையாவது குறையில்லாமல் செய்ய வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றார். மறுநாள் காலை கல்யாணம். அதற்கு முந்தின நாள், அதாவது நான் சொல்லும் அன்று, மாலை ஆறு மணிக்குக் கோவிலில் பாட்டு ஒத்திகை. ஃபாதர் பாதிப் பாட்டை மாற்றச் சொல்லியிருந்தார். மாற்றியது எல்லாம் பூட்டிக் கிடந்த அந்தக் கோப்பில் மட்டும்தான் இருந்தது. கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததோ பாதி முடித்த பழைய பிரதி.

எனக்கு முதலில் பயமில்லை. கட்டளைகளை டைப் அடிக்கும் டெர்மினலைத் திறந்தேன். அட்மினாக ஒரு கட்டளையை ஓட்ட அதற்கு முன்னால் 'சூடோ' என்று போட வேண்டும், போட்டேன். பாஸ்வேர்டே கேட்கவில்லை. ஆங்கிலத்தில் திட்டியது: முதல் வரியில் பிழை, மேற்கொண்டு போக முடியாது. யாருக்கெல்லாம் அதிகாரம் உண்டு என்று சொல்லும் கோப்பு ஒன்று உண்டு. அது கெட்டுப்போயிருந்தது. அதைத் திருத்த அட்மினாக வேண்டும். அட்மினாக அந்தக் கோப்பு வேண்டும்.

"அண்ணே, நேத்து எதையாவது மாத்துனீங்களா?"

"என் பேர போட்டு ஒரு வரி சேத்தேன். இதுல இன்னா தப்பு?"

"ஒரு வரிதானா?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். ஸ்டெல்லா அக்காதான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, எழுதறதுக்கு முன்னாடி மேல சுழி போட்டீங்களா?"

"பின்ன? போடாம எழுதுவனா?"

பில் புத்தகமோ, துண்டுச் சீட்டோ, கம்ப்யூட்டரில் புதுக் கோப்போ, ஏகாம்பரம் அண்ணன் உச்சியில் ஒரு 'உ' போடாமல் எதையும் தொடங்கியதில்லை. பத்திரிகைக் கடைக்காரர் வேறு. அவர் கை தானாகவே அங்கே போகும். லினக்ஸுக்குப் பிள்ளையாரைத் தெரியவில்லை.

"நல்லவேள, நான் எழுதல. சிலுவ போட்டிருப்பேன்" என்றார் அக்கா. சிரிக்கவில்லை.

காரணம் தெரிந்துவிட்டது, வழி தெரியவில்லை. கம்ப்யூட்டரை அணைத்து மீட்பு முறையில் கிளப்பினால் நேரே ரூட்டாக நுழையலாம் என்று படித்திருந்தேன். படித்திருந்தேனே தவிரச் செய்ததில்லை. ரூட்டாக நுழைந்தால் தடுக்க ஆள் இல்லை. தப்பாக எதையாவது அழித்தால் நிஜமாகவா என்றுகூடக் கேட்காது. கடையின் யுபிஎஸ் வேறு செத்துப்போயிருந்தது. அந்த வாரம் மின்சாரம் நினைத்தபோது போய் நினைத்தபோது வந்தது. பாதியில் போனால் புத்தகத்தோடு எல்லாம் போகும். எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டுவிடலாமே என்றார் அண்ணன். துடைத்தால் புத்தகமும் துடைத்துப் போகும் என்றேன். அவர் மேசை மேலிருந்த பழைய பிரதியையும் ஃபாதரின் திருத்தங்களையும் பைக்குள் திணித்துக்கொண்டு மொபெட்டை உதைத்துக் கிளம்பினார். வம்பு வேண்டாமென்று நழுவுகிறார் என்றே நினைத்தேன். அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. தங்கை போன் செய்தாள். "ஆயிடும்மா, பிரிண்டுக்குப் போயிருக்கு" என்று பொய் சொல்லிவிட்டு, நெற்றியில் கை வைத்து உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் அந்த ஜன்னல் குதித்தது. அப்டேட் வந்திருக்கிறது, போடட்டுமா என்று தினமும் வந்து தொல்லை பண்ணும் ஜன்னல். எரிச்சலில் அதை ஒழித்துக்கட்ட அக்கா பாஸ்வேர்டை அடித்தார். அது வாங்கிக்கொண்டது.

"அக்கா, தொடாதீங்க."

"ஏன், இன்னா ஆச்சு?"

அதிகாரம் கேட்கும் வாசல் ஒன்றல்ல, இரண்டு. டெர்மினல் வாசல் சுழியால் அடைத்துக்கொண்டது. ஜன்னல்கள் போகும் வாசல் வேறு. அது அந்தக் கோப்பைப் பார்ப்பதே இல்லை. அந்த வாசல் வழியாகக் கட்டளை ஓட்ட ஒரு சொல் உண்டு என்று அரைகுறையாக ஞாபகம். போனில் தேடிப் பிடித்தேன். அப்டேட்டை நிறுத்திவிட்டு 'பிகேஎக்ஸெக் விசூடோ' என்று அடித்தேன். பாஸ்வேர்ட் கேட்டு ஒரு சின்னப் பெட்டி வந்தது. வாழ்க்கையில் வேறு எந்தக் கேள்வியும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

விசூடோ என்பது அந்தக் கோப்பைத் திருத்துவதற்கென்றே உள்ள வழி. சாதாரணமாகத் திறந்து எழுதினால் தப்பும் அப்படியே பதிந்துவிடும். இது பதியும் முன் படித்துப் பார்க்கும். உச்சியில் தனியாக நின்றது 'உ'. அழித்தேன். அவசரத்தில் பக்கத்தில் வேறு எதையோ தட்டிவிட்டேன் போல. சேமிக்கப் போனால், பிழை இருக்கிறது, இப்போது என்ன செய்யட்டும் என்று கேட்டு நின்றது. நான் எழுதியதை அப்படியே நம்பியிருந்தால் டெர்மினல் வாசல் அடைத்தபடியே இருந்திருக்கும். திரும்பத் திறந்து, அக்கா விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசிக்க, சரி செய்தேன். அண்ணன் பேர் போட்ட வரியையும் எடுத்துவிட்டேன். இந்த முறை வாங்கிக்கொண்டது.

புத்தகத்தை ரூட்டின் அறையிலிருந்து வெளியே நகலெடுத்து அக்கா பெயருக்கு மாற்றினேன். திறந்து பார்த்தபோது மாற்றிய பாட்டுகள் எல்லாம் இருந்தன. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அச்சடித்து, மடித்து, பின் அடித்து, சூடு ஆறாத கட்டோடு ஷேர் ஆட்டோவில் கோவிலுக்கு ஓடினோம். பாட்டுக்குழு அப்போதுதான் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

வாசலில் ஏகாம்பரம் அண்ணன் நின்றிருந்தார், மொபெட்டில் ஒரு கட்டோடு. பூந்தமல்லியில் தெரிந்த அச்சகத்தில் உட்கார்ந்து, முழுப் புத்தகத்தையும் முதலிலிருந்து டைப் அடிக்க வைத்து, அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். எங்கள் கையிலிருந்த கட்டைப் பார்த்து, "வந்துட்டியா, நல்லதாப் போச்சு" என்றார். தன் கட்டை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஆள் அதிகம் வந்ததால் பின்வரிசைக்கு அதையும் கொடுத்தோம். அவசரத்தில் அடித்தது. காணிக்கைப் பாட்டு வந்தபோது பின்வரிசைக்காரர்கள் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இன்று அந்தக் கோவிலில் பாட்டு திரையில் வருகிறது. புத்தகம் அச்சடிக்கிறவர் குறைவு. கடை இருந்த இடத்தில் கேக் விற்கிறார்கள். ஏகாம்பரம் அண்ணன் இல்லை. புதிதாக வரும் லினக்ஸில், அப்படி ஒரு சுழி விழுந்தாலும் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஓட்டிவிடுகிறது. அந்தத் தவறைச் செய்யக்கூட இனி வழியில்லை.

பூந்தமல்லியில் எவ்வளவு செலவாயிற்று என்று ஸ்டெல்லா அக்கா பல முறை கேட்டும் அவர் சொல்லவில்லை, சம்பளத்தில் பிடிக்கவும் இல்லை. பிறகு அந்த அச்சகக்காரர்தான் சொன்னார்: இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.