லாத்வியாக்காரரின் முழங்கால்

எனக்கு எட்டு வயதாயிருந்தபோது, பள்ளி விட்டதும் தினமும் இரண்டு மணி நேரம், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் கிளென் ஈடன் பகுதியில், ஒரு விளையாட்டு மண்டபத்தில் துடைப்பங்கள் வைக்கும் அறைக்குள் ஒளிந்திருப்பேன். அம்மா அங்கே துப்புரவு வேலை செய்தார். அப்பாவுக்கு நகரின் மறுகோடியில், ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலை ஒன்றில் மாலை ஷிப்ட். பதினாலு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வீட்டில் தனியே விட்டால் அரசாங்கம் கொண்டுபோய்விடும் என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பிள்ளையை வேலைக்குக் கூட்டிவந்தால் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். ஆகவே அந்த அறை. வெளிச்சம் போடக்கூடாது, இருமக்கூடாது. கதவுக்குக் கீழே உள்ள இடுக்கில் அம்மாவின் நீலச் செருப்பைத் தவிர வேறு எந்தக் காலைக் கண்டாலும் வாளிகளுக்குப் பின்னால் போய்விட வேண்டும்.

நான் அதிகம் பயந்தது ஒரு சோடிச் சப்பாத்துக்கு. ஒவ்வொன்றும் என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம். அங்கே பயிற்சி செய்யும் கூடைப்பந்து அணிக்கு லாத்வியாவிலிருந்து வந்திருந்தவருடையவை அவை. நடைவழியில் அவருடைய படம் மாட்டியிருந்தது. அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் போரில் இடம்பெயர்ந்துகொண்டிருந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆள் நான். எதைக் கண்டாலும் உரக்க வாசிக்காமல் என்னால் கடக்க முடியாது. பதினேழு வயதில் சொந்த ஊர் அணியில் தொடங்கி, போலந்து, ஜெர்மனி, துருக்கி என்று ஆறு நாடுகளில் ஆடியவர் இந்தப் பருவத்துக்கு இங்கே வந்திருக்கிறார் என்று படத்துக்குக் கீழே இருந்தது.

"ஆறு நாட்டில விளையாடினவராம் அம்மா."

"ஆறு நாட்டுக்காரரும் போ எண்டிட்டாங்களாக்கும்," என்றார் அம்மா, படத்தின் கண்ணாடியைத் துடைத்தபடி.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தச் சப்பாத்துகள் கதவுக்கு முன்னால் நின்றன. கதவு திறந்தது. தலையைக் குனிந்து உள்ளே வந்தவர், வாளிகளுக்குப் பின்னால் என் புத்தகப்பையைக் கண்டார். பிறகு என்னைக் கண்டார். அம்மாவின் வேலை போயிற்று, இனி அரசாங்கத்தின் கார் வரும் என்று நினைத்தேன். அவர் சத்தம் போடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, கைபேசி வெளிச்சத்தில் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். கவிழ்த்த வாளி ஒன்றில் உட்கார்ந்து, நீண்ட கறுப்புக் காலுறையை மெல்ல உருட்டி இறக்கினார். முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் உருண்டு வீங்கிய ஈரப்பலாக்காய் ஒன்று இருந்தது.

அம்மா வந்து எங்கள் இருவரையும் கண்டதும் துடைப்பத்தைக் கைவிட்டார்.

"உன்னை என்னடி செய்தவன்?"

"ஒண்டும் செய்யேல்ல அம்மா. கால் வீங்கிப்போச்சு. கோச்சுக்குத் தெரியாம ஒளிச்சு நிக்கிறார்."

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். பயிற்சியில் விழுந்துவிட்டார். சனிக்கிழமை நன்றாக ஆடினால் அடுத்த வருடமும் வைத்துக்கொள்வார்கள். முழங்காலைக் கண்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். முப்பத்தைந்து வயதில் இனி வேறு அணி எதுவும் கூப்பிடாது.

அம்மா யோசித்தார். "நாங்கள் சொல்லமாட்டம். நீ இஞ்ச இருக்கிறதை அவரும் சொல்லக்கூடாது எண்டு சொல்லு. வடிவாச் சொல்லு."

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் அம்மா அப்பாவின் பழைய சாரத் துணியில் கல்லுப்பைக் கட்டிக் கொண்டுவந்து, ஊழியர் சமையலறையின் மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சூடாக்கினார். மூட்டையைக் கண்டதும் அவர் காலைப் பின்னால் இழுத்தார். புதிய வீக்கத்துக்கு ஐஸ்தான் வைக்கவேண்டுமாம்.

"ஐஸ் வச்சா நீர் கட்டும். சூடு காட்டினாத்தான் வத்தும். எங்கட ஊரில விழுந்தெழும்பின சனமெல்லாம் என்ன, ஐஸ் பெட்டிக்குள்ளயே கிடந்தது?"

உன் அம்மாவுக்கு இது எப்படித் தெரியும் என்று அவர் என்னைக் கேட்டார். அதை நான் அம்மாவிடம் கேட்கவில்லை. அவர் கோபித்துக்கொண்டு வெளியே போனால் எங்களைக் காட்டிக்கொடுத்துவிடுவார் என்று பயந்தேன். எங்கள் நாட்டில் அம்மா ஒரு டொக்டர் என்று சொன்னேன். அவர் அம்மாவின் ரப்பர் கையுறைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு காலை நீட்டினார்.

மூன்று நாட்கள் ஒத்தடம் நடந்தது. சனிக்கிழமை ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில், பந்துக்கு எழும்பி இறங்கியவர் திரும்ப எழவில்லை என்று திங்கட்கிழமை கேள்விப்பட்டோம். "என்ர கையாலதான் கெட்டுப்போச்சு," என்று சொல்லிச் சொல்லி அம்மா சாப்பிடாமல் இருந்தார். உன் கையால் இல்லை, என் வாயால் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பள்ளி ஒலிபெருக்கி யாரையாவது அலுவலகத்துக்கு அழைத்தால், என்னைக் கொண்டுபோக அரசாங்கத்தின் கார் வந்துவிட்டது என்று நினைப்பேன்.

செவ்வாய்க்கிழமை அணியின் முகாமையாளர் அம்மாவை நடைவழியில் நிறுத்தினார். நான் அறைக்குள் இருட்டில். லாத்வியாக்காரரின் முழங்காலில் சுட்ட காயம் இருக்கிறது, சமையலறையில் யாரோ உப்பு மூட்டையைக் கண்டிருக்கிறார்கள், அது உன்னுடையதா என்று கேட்டார்.

அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் 'யெஸ்'. மரியாதைக்கு எதற்கும் அதைத்தான் சொல்வார். யெஸ் என்றார்.

நீயா அவருக்கு வைத்தாய்?

யெஸ், யெஸ்.

கதவுக்கு இந்தப் பக்கம் நான் சீருடையின் கழுத்துப்பட்டியைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெளியே போய் மொழிபெயர்த்தால் நான் அங்கே இருப்பது தெரிந்துவிடும். போகாவிட்டால் அம்மா எல்லாவற்றுக்கும் யெஸ் சொல்லிவிடுவார். கை கதவுப்பிடியில் இருந்தது; திருப்ப முடியவில்லை.

அப்போதுதான் ஊன்றுகோல்களின் சத்தம் கேட்டது. சுடுநீர்ப் பையை நான்தான் வீட்டில் வைத்தேன், இந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியாது, விட்டுவிடுங்கள் என்று அந்தக் கனத்த குரல் சொன்னது. முகாமையாளர் ஏதோ முணுமுணுத்தபடி போய்விட்டார்.

கதவு திறந்தது. அவருடைய பயணப்பை தோளில் இருந்தது. அம்மாவைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி, "தேங்க்யூ, டொக்டர்," என்றார்.

அம்மா என்னிடம் திரும்பினார். "ஏன் பிள்ளை என்னை டொக்டர் எண்டுறார்?"

"சும்மா பகிடிக்கு அம்மா," என்றேன்.

ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் மூடிவிட்டேன் என்று மூச்சு வந்தது. அவர் வாசல்வரை போய், திரும்பி, அம்மாவின் ரப்பர் கையுறைகளையும் பிறகு என்னையும் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை சொன்னதை நம்பி ஏமாந்துபோன மனிதர் என்று அன்று அவருக்காக இரக்கப்பட்டுக்கொண்டு நின்றேன்.