நான் சொன்ன நம்பரும் பெருகிப்போன கூட்டமும்

போன ஞாயிற்றுக்கிழமை நாகலாபுரம் பக்கத்தில் அக்கா ஊரில் அம்மன் கோயில் ஜாத்திரை. மத்தியான அன்னதானம் இந்த வருஷமும் மாமா — அதாவது அக்கா புருஷன் — பொறுப்பு.

போன வருஷம் சாதம் பத்தவில்லை. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் வெறும் இலையைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அதைப் பற்றி ஊரில் யாரும் மாமாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

இந்த முறை சாமி ஊர்வலம் முடிந்து கூட்டம் கோயில் முன்னால் நிற்கும்போதே சமையல்காரர் சுப்ரமணி கேட்டுவிட்டார். ஒரு அண்டா சாதம் முந்நூறு பேருக்கு வரும். ரெண்டாவது அண்டாவை அடுப்பில் ஏற்றுவதா, வேண்டாமா? இப்போதே சொன்னால்தான் உண்டு.

மாமா என் பக்கம் திரும்பினார். "மச்சா, ஒரு சுத்து சுத்திக்கினு வந்து எவ்ளோ ஜனம்னு சொல்லு."

என்னையா அனுப்புவது? காஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற ஆள் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வேறு. கூட்டத்தைப் பார்த்ததுமே எனக்குப் பெரிசாகத் தெரிந்தது. ஐந்நூறு பேர் இருப்பார்களோ?

என் கண்ணை நான் நம்புவதில்லை. அதனால் நாலு பேரைக் கேட்டேன்.

வளையல் கடைக்காரம்மாவிடம், "ஐந்நூறு பேர் இருப்பாங்களாம்மா?" என்றேன். நிதானமாகப் பார்த்துவிட்டு, அவ்வளவு இருக்காது, நானூத்தம்பது இருக்கும் என்றார். ஐஸ் வண்டிக்காரர் நானூத்தெண்பது என்றார். தமிழ் தெரியாத ஒரு ஆட்டோக்காரரிடம் தெலுங்கில், "ஐதொந்தலு உண்டாராண்ணா?" என்று அதே ஐந்நூறைக் கேட்டேன். அவர் அதற்கும் மேலே போனார்.

எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே... அப்போ உண்மையாகத்தானே இருக்கும்?

ஓடிவந்து மாமாவிடம் ஐந்நூறு என்று சொன்னேன். அங்கே அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குச் சோறு வீணாகிறதே என்ற கவலை. அவளும் ஒரு சுற்று போய்வந்திருக்கிறாள். கூட்டம் இருநூறுதானாம். மிஞ்சினால் இருநூத்திமுப்பதாம்.

யாரைக் கேட்டாய் என்றேன். அதே வளையல் கடைக்காரம்மா!

அக்காவை இழுத்துக்கொண்டு அந்தம்மாவிடம் போனேன். "இருநூறு பேராவது இருப்பாங்களா"ன்னுதான் அக்கா கேட்டிருக்கிறாள். ஏம்மா இப்படி ஆளுக்கொரு கணக்கு சொல்கிறீர்கள் என்று கேட்டதும் அந்தம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"பொய் சொல்லலைப்பா. நீ கேக்கசொல்ல அம்மாம் ஜனம் தெரிஞ்சுது. அக்கா கேக்கசொல்ல இம்மாம்தான் தெரிஞ்சுது. நான் இன்னா பண்றது?"

கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். மனசுக்குள் "இருநூறு" என்று சொல்லிக்கொண்டேன். ஆளுக்கு ஆள் நடுவில் வெற்றுத்தரை தெரிந்தது. தேருக்குப் பக்கத்தில் நாலு பேர் படுத்துத் தூங்குகிற அளவுக்கு இடம் கிடந்தது. "ஐந்நூறு" என்று சொல்லிக்கொண்டேன். தலைக்குப் பின்னால் தலை... அதற்குப் பின்னால், வேப்பமரத்து நிழலிலும் தலை. ஒருத்தரும் அசையவில்லை. ஆனால் கூட்டம் சுருங்கியது, பெருகியது.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது எனக்கு. அம்மன் சந்நிதியில்கூட இப்படிச் சிலிர்த்ததில்லை. கண் நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். காதில் யாரோ ஒரு நம்பரைப் போட்டுவிட்டால், கண் அதைச் சுற்றிச் சுற்றித்தான் மேய்கிறது — முளையில் கட்டின மாடு மாதிரி. கயிறு இருப்பதே மாட்டுக்குத் தெரியவில்லை!

மாமாவிடம் சொன்னோம். நம்பர் எதுவும் சொல்லாமல் கேட்கிறேன் பார் என்று, அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கின ஒருவரை நிறுத்தி, எவ்வளவு ஜனம் இருக்கும் என்றார். அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. மாமாவைத்தான் பார்த்தார். "நீங்க எவ்ளோன்னு நெனைக்கிறீங்க?"

கடைசியில் மாமா தானே கோயில் படியேறி நின்று, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். முந்நூத்தம்பது என்றார். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ரெண்டு நம்பருக்கும் நட்டநடு!

சுப்ரமணி பொறுமையிழந்தார். ஏற்றவா, வேண்டாமா?

மாமா படியிறங்கினார். கூட்டத்தின் பக்கமே திரும்பவில்லை. "ஏத்துப்பா. மிஞ்சினா மாட்டுக்குப் போட்டுக்கலாம். பத்தலைன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஊருக்குள்ள நடப்பேன்?"

எண்ணத் தெரியாத இடத்தில் எந்தத் தப்பைத் தாங்கமுடியும் என்றுதான் பார்க்கவேண்டும் போலிருக்கிறது. எனக்கு இது தோன்றவே இல்லை.

கடைசிப் பந்தியில் ஒரு பெரியவர் மூன்றாவது தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார். மாமா அவர் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையலம்பப் போன பிறகுதான் தானும் உட்கார்ந்தார்.

சாப்பிட்டு எழுந்து எல்லோரும் ரெண்டாவது அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தோம். இன்னும் எத்தனை பேருக்கு வரும் என்று சுப்ரமணி கேட்டார்.

நான் வாயெடுப்பதற்குள் மாமாவின் கை என் வாயைப் பொத்திவிட்டது.