தேவானையின் கன்னம்

உஸ்மான் சாலையில் தேவானை கடைகளின் கூரை நிழலை ஒட்டியே நடக்கிறாள். நிழல் அறுபடும் இடத்தில் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, மழைக்கு ஒதுங்குகிறவளைப் போல அடுத்த கூரைக்குள் ஓடிப் புகுந்துகொள்கிறாள். கூட வேலை பார்க்கும் கமர் ஜஹான் சிரிப்பாள். "இன்னாடி, சூரியனுக்கும் உனக்கும் இன்னா சண்ட?" தேவானை முந்தானையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொள்வாள்.

அடையாற்றுப் பாலத்தருகே ஆற்றோரக் குடிசையில் பிறந்தவள். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் பல வருஷம் முன்வரிசையில் நின்றாள். வாடிக்கையாளர் விரல் காட்டி முடிப்பதற்குள் புடவை அவள் தோளில் ஏறிவிடும். ஒரு கையில் கொசுவம், மறு கையில் முந்தானை, கழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும். "அக்கா, இத்த பாரு. உனக்குன்னே நெய்ஞ்சது மாரி கீது!" அவள் மேல் பார்த்ததையே மயங்கி வாங்கிப் போவார்கள். தன் கல்யாணத்துக்கு அவள் பட்டு கட்டவில்லை.

தொண்ணூற்றைந்தில் கர்ப்பமானாள். ஐந்தாம் மாதம் கன்னங்களிலும் நெற்றியிலும் தேநீர்க் கறை போல ஏதோ படர்ந்தது. கழுத்து கறுத்தது. தொப்புளிலிருந்து ஒரு கறுப்புக் கோடு கீழிறங்கியது. பயந்துபோய் மகப்பேறு மருத்துவமனைக்குப் போனாள்.

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது மங்கு. கர்ப்பத்துல நிறைய பேருக்கு வரும். வெயில்ல அலையாதே. முகத்துல கண்டதையும் தேய்க்காதே. பிரசவத்துக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா போயிடும். வயிறு விரியறப்போ அரிச்சா தேங்காயெண்ணெய் தடவு, சொறியாதே. உள்ளங்கை, உள்ளங்கால்ல அரிப்பு வந்தா மட்டும் உடனே இங்க வந்துடணும், தெரிஞ்சுதா?"

மனசு லேசாகி வேலைக்குத் திரும்பினாள். அந்த வாரமே மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு மாமி, அரக்குப் புடவை போட்டு நின்றவளை உற்றுப் பார்த்தார்.

"ஏண்டிம்மா, மூஞ்சில என்ன அது? ஒட்டிக்கற வியாதியா?"

"இல்ல மாமி, மாசமா கீறேன். அதான்."

மாமி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "இதே கலர்ல, இவ மேல போடாதது இருந்தா எடுங்கோ."

சூப்பர்வைசர் சண்முகவேல் திருநெல்வேலிக்காரர். அதட்டிப் பேசத் தெரியாதவர். "கீழ குடோன்ல மடிப்பு வேலையப் பாரு பிள்ள. முகம் தெளிஞ்சதும் மேல வந்துக்கிடலாம்" என்று அன்பாகவே சொல்லி அனுப்பினார். அன்று மாலையே அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாள்.

அவள் புருஷன் வடிவேலு ஆட்டோ ஓட்டுகிறான். விஷயம் கேட்டதும் ஒரு சின்ன டியூபோடு வந்தான்.

"மெடிக்கல்ல குட்த்தான். சீட்டுகூட வேணாவாம். ஒரே வாரத்துல பளிச்சுனு ஆயிடுமாம்."

"டாக்டரம்மா எதையும் தேய்க்காதன்னாங்களே."

"அவங்களா வந்து உன்ன மேல ஏத்தி நிக்க வெப்பாங்க?"

தேய்த்தாள். கன்னம் உண்மையாகவே வெளுத்தது. படியேறிப் போய் சண்முகவேலிடம் காட்டிவிட்டு வந்தாள். அவரும் தலையாட்டினார். பிறகு கன்னம் எரிந்தது. சிவந்து, தோல் வெங்காயச் சருகாக மெலிந்தது. நிறுத்தினால் முன்னிலும் கறுத்தது. பயந்து மறுபடி தேய்த்தாள். கடைசியில் மறுபடி மருத்துவமனைக்குப் போனபோது, டாக்டரம்மா டியூபைப் பார்த்ததும் குப்பைக்கூடையில் வீசினார்.

"இது ஸ்டீராய்டும்மா! மாசமா இருக்கறவ முகத்துக்கு எவன் குடுத்தான் இத?"

வடிவேலு வாசலில் நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. வயிற்றுக் கோடு மறைந்தது. கழுத்தும் நெற்றியும் தெளிந்தன. வயிற்றில் விழுந்த வரிகள்கூட வெளுத்து அடங்கின. டாக்டரம்மா சொன்னபடியே எல்லாம் போயின. கைவைத்த கன்னம் மட்டும் அப்படியே நின்றது.

குழந்தையோடு கடைக்குப் போனபோது சண்முகவேல் முதலில் பார்த்தது தேவானையின் முகத்தைத்தான்.

"இன்னும் கொஞ்சம் தெளியட்டும் பிள்ள."

"தெளியலன்னா அண்ணாச்சி?"

அவர் போனை எடுத்து யாரையோ அழைக்கத் தொடங்கினார். அவள் இன்றும் குடோனில்தான் மடிக்கிறாள். மேலே போகும் பட்டுகளைத் தோளில் ஒருதரம் போட்டுப் பார்ப்பதுகூட இல்லை.

போன மாதம் குழந்தைக்குப் படம் எடுக்க அடையாறில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். வடிவேலு வீட்டிலேயே அவள் முகத்தில் பவுடரை அப்பச் சொல்லியிருந்தான். போட்டோகிராபர் லென்ஸ் வழியே பார்த்துவிட்டு அவனிடம் சொன்னார்: "கவலப்படாதீங்க சார். கன்னத்த டச்சப் பண்ணி வெளுப்பாக்கிக் குட்த்துடறேன்."

வடிவேலு நிம்மதியாகத் தலையாட்டினான்.

தேவானை பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். அதன் எச்சில் துணியை எடுத்து, இரண்டு கன்னத்திலும் இருந்த பவுடரை அழுத்தித் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து, கேமராவை நேராகப் பார்த்தாள்.

"எடு" என்றாள்.