பங்களா நாற்காலியும் பரண் புகையும்

தொய்ந்துபோன பிரம்புப் பின்னலின் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றும்போது, ஈர வைக்கோலும் பழைய அழுக்கும் கலந்தது போல ஒரு வாசனை எழும். அது வாரத்துக்கு இரண்டு முறையாவது என் மூக்கில் ஏறுகிறது, ஏனென்றால் அதுதான் என் பிழைப்பு. ஒடுகத்தூரில் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, அறுபது எழுபது வருஷத்துப் பழைய தேக்கு நாற்காலிகளுக்குப் பிரம்பு மாற்றுகிறேன், ஆடுகிற கால்களை இறுக்குகிறேன். பெங்களூரிலிருந்து வேனில் கொண்டுவந்து இறக்குகிறவர்கள் தவறாமல் சொல்வது ஒன்றுதான்: "பழசாவே தெரியணும்மா, ஆனா ஆடக் கூடாது." இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போதெல்லாம், எனக்கும் அப்படியே யாராவது செய்து கொடுத்தால் தேவலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வாசனையை நான் முதலில் அறிந்தது ஜவ்வாது மலை மேல், பத்து வயதில். அங்கே அரசாங்க பங்களா ஒன்று இருந்தது. அதைப் பெருக்கித் துடைத்து, வருகிற அதிகாரிகளுக்குச் சோறாக்கிப் போடுகிற வேலை என் அம்மா வெள்ளச்சிக்கு. அப்பா நான் நடக்கப் பழகும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். எங்களுக்கென்று துண்டு நிலமும் கிடையாது. பங்களாவுக்குப் பின்னால் இருந்த ஓட்டு அறையில் நாங்கள் இரண்டு பேரும் குடியிருந்தோம். வேலை தினக்கூலிதான். ஒரு நாள் அது "பர்மனெண்டு" ஆகும், அந்த அறை எங்களுக்கு நிலைக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் அம்மா ஒன்பது வருஷம் அங்கே விளக்குமாற்றைப் பிடித்திருந்தாள்.

பங்களாவின் முன்கூடத்தில் ஆறு நாற்காலிகள். கட்டடம் கட்டிய காலத்திலேயே வந்தவை என்பார்கள். சாய்ந்த முதுகு, அகலமான கைகள், காலை அகட்டி நிற்கிற ஆளைப் போல இரண்டு பக்கமும் விரிந்த கால்கள். ஒரு பூ வேலை இல்லை, கடைசல் இல்லை. ஊரில் யாருக்கும் அவை பிடிக்கவில்லை. "ஆசாரி பாதியில எழுந்து சோத்துக்குப் போய்ட்டானா இன்னா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். இன்று இதே ஜாதி நாற்காலியை வாங்க ஆட்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புகூட வருவதில்லை, அலுப்புதான் வருகிறது.

எங்கள் ஆட்கள் யாரும் அவற்றில் உட்கார மாட்டார்கள், அது அதிகாரிகளுக்கானது. அம்மா ஒன்பது வருஷம் துடைத்தாளே தவிர ஒரு நாளும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா மத்தியானம் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போன கையோடு ஓடிப்போய், ஜன்னலோரத்து நாற்காலியில் ஏறி, முதுகைப் பிரம்பில் சாய்த்துக்கொண்டு, பெரிய ஆபீசர் போல ஓணானுக்கும் காக்காய்க்கும் உத்தரவு போடுவேன். குடத்தின் சத்தம் கேட்டதும் இறங்கிவிடுவேன். அம்மாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள் என்ற பயம் எப்போதும் இருந்தது.

அந்த வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் நாற்காலிகளில் மூட்டைப்பூச்சி புகுந்தது. தங்க வந்த ஒருவர் உடம்பெல்லாம் தடித்து, கோபத்தோடு புத்தகத்தில் புகார் எழுதிவிட்டுப் போனார். பெரிய அதிகாரி ஆள் விட்டுச் சொன்னார்: தை மாதம் நேரில் வருவேன், எல்லாம் சரியாக இருந்தால் வெள்ளச்சி பேரை நிரந்தரத்துக்கு எழுதி அனுப்புவேன். அம்மா வெந்நீரை ஊற்றினாள், வெயிலில் போட்டாள், வேப்பெண்ணெய் தடவினாள். பூச்சிகள் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

மலையில் எந்தப் பொருளுக்கும் ஒரு மருந்து உண்டு, அது புகை. புதிதாக முடைந்த மூங்கில் கூடையை அடுப்புக்கு மேலே பரணில் போட்டுவைத்தால், கறுத்துக் கெட்டியாகிப் பத்து வருஷம் வரும். "பொக ஏறுனா பூச்சி ஏறாது" என்பது எங்கள் பெரியவர்கள் வாக்கு. அம்மா அந்த வாக்கை நம்பி ஆறு நாற்காலிகளையும் சமையல்கட்டுப் பரணில் ஏற்றிக் கட்டி, கீழே இருபது நாள் விடாமல் புகை மூட்டினாள். பூச்சி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் இறக்கிப் பார்த்தபோது நாற்காலியும் மிஞ்சவில்லை. காலையும் சட்டத்தையும் பிடித்திருந்த வஜ்ஜிரப் பசை காய்ந்து பொடியாகியிருந்தது, தொட்ட இடத்தில் பிரம்பு பட்பட்டென்று முறிந்தது. பசை போட்டு ஒட்டிய சாமானுக்குப் புகை ஆகாது என்று மூங்கில் மட்டுமே தெரிந்தவளுக்கு எப்படித் தெரியும்? அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அழுதாள்.

மலைக்கு ஏறுகிற பஸ்ஸின் கண்டக்டரிடம் சொல்லியனுப்பி, வாணியம்பாடியிலிருந்து காதர் பாய் என்கிற நாற்காலி ரிப்பேர்க்காரரை வரவழைத்தாள். பார்த்ததும் அவர், "இன்னாம்மா இது, தேக்க கருவாடு மாதிரி காயப் போட்டு வெச்சிக்கிறீங்க?" என்றார். ஆனால் வேலைக்காரர். எல்லா மூட்டுகளையும் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை காய்ச்சி ஊற்றி, கயிற்றால் முறுக்கிக் கட்டி இரண்டு நாள் விட்டார். ஊறவைத்த பிரம்பு நாரை இழுத்து இழுத்து ஆறு நாற்காலியையும் பின்னி முடித்தார். போகும்போது, "இனிமே யானை ஒக்காந்தாலும் தாங்கும்மா" என்றார். யானைக்கு முன்னால் நான் உட்கார்ந்து பார்த்தேன், ஓடை நேரத்தில், தினமும். இம்மியும் ஆடவில்லை.

தை மாதம் அதிகாரி வந்தார். நாற்காலியை முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, கருப்பா இருக்கு? எரிஞ்சுதா?"

"பொகையில வெச்சேங்க, மூட்டைப்பூச்சிக்கு. மூட்டு வுட்டுப்போச்சுங்க. அப்பால பாய் வந்து சரி பண்ணிட்டாருங்க."

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. அவர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, "சரி, நீ உக்காரு. தாங்குதான்னு பாக்கலாம்" என்றார்.

அம்மா உட்காரவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். அது தாங்கும் என்று அந்த மலையிலேயே உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் நான். ஓடிப்போய் உட்கார்ந்து காட்டினால் போதும். ஆனால் தினமும் உட்கார்கிற குட்டு வெளிப்பட்டுவிடும், அம்மா தோலை உரிப்பாள். வாயைத் திறக்கவில்லை.

"நீயே உக்கார பயப்படுற. அப்புறம் நான் எப்படி உக்கார்றது?" என்று சொல்லிவிட்டு, அவர் ஆறு நாற்காலியையும் கழிவு என்று எழுதினார். அடுத்த மாதம் வேலைக்கு வேறு ஆள் வந்தார். அறையைக் காலி செய்து, ஒரு தகரப் பெட்டியோடு ஒடுகத்தூருக்கு இறங்கினோம். பிறகு அம்மா அடுத்தவர் வயலில் கடலைக்காய் பறித்தே என்னை வளர்த்தாள். குனிந்து குனிந்து அவள் முதுகு கூன் விழுந்ததைப் பார்க்கும்போதெல்லாம் அன்று நான் வாயைத் திறக்காததுதான் அதற்குக் காரணம் என்று எனக்குள் குமைவேன்.

அந்த பங்களா இப்போது இல்லை. போன வருஷம் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் காங்கிரீட் கட்டடம், உள்ளே அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். ஓட்டு அறை இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி. திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னபோது, இத்தனை காலம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்துவிட்டது.

"அன்னிக்கு நான் ஒக்காந்து காட்டியிருந்தா வேல போயிருக்காதும்மா. தெனமும் அதுல ஒக்காருவேன். உனக்குப் பயந்து சும்மா நின்னுட்டேன்."

அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீ ஒக்கார்றது எனக்குத் தெரியாதாடி? உன் கால் மண்ண தெனமும் தொடச்சது யாரு? அவரு சொன்னதும் நான் ஒக்காந்துடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ எங்க ஓடியாந்து ஏறி ஒக்காந்துடுவியோ, அந்த ஆளு உன்ன அடிச்சிடுவாரோன்னு உன்னையே பாத்துட்டு நின்னுட்டேன். அதுக்குள்ள எழுதிட்டாரு."

சொல்லிவிட்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். என் மேல் நானே போட்டுக்கொண்டிருந்த பழி அந்த ஒரு பேச்சில் இல்லாமல் போனது, ஆனால் அது போனதில் எனக்கு நிம்மதி வரவில்லை. கொட்டகைக்கு வந்து, பிரித்துப் போட்டிருந்த நாற்காலியின் முன்னால் உட்கார்ந்தேன். அன்று முழுக்கக் கை ஓடவில்லை.