சரிந்த தோளுக்கு ஒரு கோட்டு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் நாலாம் வகுப்புவரைதான் படித்தவன். ஊசி பிடித்த அளவுக்குப் பேனா பிடித்ததில்லை. கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இது நடந்தது 1912ஆம் வருடம், கிள்ளானில். அதற்கு முன்பு பிரிக்பீல்ட்ஸில் மாதா கோயிலுக்குப் பின்னால் நடந்த தையல் வகுப்பில் ஒரு வருடம் பயின்றேன். மெஷின் மிதிப்பது, பொத்தானுக்குக் காஜா எடுப்பது, கோட்டுக்கு உள்ளே கித்தான் துணியும் பஞ்சும் வைத்துத் தைப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அளவெடுக்க ஒரு மரப்பொம்மை இருந்தது. துணியை இரண்டாக மடித்து ஒரே வெட்டாக வெட்டினால் இரண்டு பக்கமும் சமமாக வரும் என்பது பாடம். நான் தைத்த கோட்டு பொம்மைக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. நற்சாட்சிப் பத்திரமும் கிடைத்தது. இனி எந்தக் கடையிலும் வேலை செய்யலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

கிள்ளான் கடைத்தெருவில் ஒரு தையல்கடை முதலாளி அந்தப் பத்திரத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "பேப்பர் தைக்காதுப்பா. ஒரு கோட்டு தைச்சுக் காட்டு. நல்லா வந்தா வேலை. இல்லேன்னா ரயிலைப் பிடி" என்றார்.

எனக்குக் கிடைத்த ஆள் துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமக்கிறவர். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் வெள்ளிக்கிழமை அவருக்குக் கல்யாணம். வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு போட வேண்டும் என்று ஆசை. எனக்குக் கூச்சம், ஆளை நிமிர்ந்து பார்க்காமல் நாடாவையே பார்த்து அளவெடுத்தேன். அவரும் படம் பிடிக்க நிற்பதுபோல மூச்சை இழுத்து விறைப்பாக நின்றார்.

வியாழக்கிழமை மத்தியானம், மாட்டுவண்டியை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு மாப்பிள்ளை வந்து கோட்டைப் போட்டார். இடது பக்கம் அழகாக நின்றது. வலது பக்கம் தோளிலிருந்து முழங்கைவரை சுருங்கித் தொங்கியது. மூட்டை சுமந்து சுமந்து அவருடைய வலது தோள் தாழ்ந்து போயிருந்தது.

பக்கத்து மெஷின்காரர் சிரித்தார். "கோட்டு சரிதான். ஆளைத்தான் கோணலா தைச்சிருக்கு."

முதலாளி சிரிக்கவில்லை. "பொம்மைக்குத் தைச்சா பொம்மைக்குத்தான் கல்யாணம் பண்ணி வைக்கணும்" என்றார்.

என் வேலை போனது என்று நினைத்தேன். அதைவிட, நாளைக்குத் தாலி கட்டப்போகிறவர் இப்படியா மணவறையில் உட்காருவார் என்றுதான் வருத்தம். அவரோ கோபப்படவில்லை. "தம்பியை ஏசாதீங்க முதலாளி. அரிசி மூட்டை பண்ணின வேலை இது" என்று சொல்லி, மூட்டைக்கு அடியில் சும்மாடு வைக்கிற துண்டை மடித்து வலது தோளில் கோட்டுக்குள்ளே செருகினார். சுருக்கம் போய்விட்டது. "துண்டோடவே தாலி கட்டிடுறேன்" என்றார்.

அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. வகுப்பில் மார்புக்குப் பஞ்சு வைத்த அதே வழிதானே, தோளுக்கு ஏன் ஆகாது? மெத்தைக் கடைக்கு ஓடிப் பஞ்சு வாங்கிவந்தேன். வலது தோளின் உள்துணியைப் பிரித்து, தோள் முனையில் கனமாகவும் கழுத்துப் பக்கம் மெலிதாகவும் கித்தானில் வைத்துத் தைத்தேன். சிரித்த மெஷின்காரரே வந்து கோட்டின் கையை விரித்துப் பிடித்துக்கொண்டார். வெளியே வண்டிக்காரர், "மாப்பிள, பொண்ணு கிழவியாயிடும், கெளம்பு" என்று கத்தினார். அந்த அவசரத்திலும் ஊசி தன் வழியில் போனது.

மறுபடி போட்டார். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் நின்றன. கண்ணாடிமுன் நேராக நின்றார், பக்கவாட்டில் திரும்பினார். பிறகு மெதுவாக, "நானா இவ்வளவு நேரா நிக்கிறேன்?" என்றார். அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாமலே வண்டியேறினார்.

முதலாளி என்னைப் பார்த்து, "என்ன நிக்கிற? அந்த வெள்ளை டிரில் துணியை எடுத்து வெட்டு லா" என்றார். அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

வகுப்பு வீண் என்று சொல்லமாட்டேன். அங்கே பழகிய கைதான் அன்று காப்பாற்றியது. ஆனால் பொம்மை மூட்டை சுமக்காது என்று யாரும் சொல்லித்தரவில்லை. இன்று என்னிடம் அளவு கொடுக்க வருகிறவரை முதலில் நாலு எட்டு நடக்கச் சொல்லிப் பார்க்கிறேன். கூச்சக்காரனான எனக்கு மனிதரை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் அந்த மாப்பிள்ளையால் வந்தது.

பல வருடம் நினைத்து நினைத்து, கடைசியில் இதை எழுதி முடித்த நாள்: 1938 பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை.