சைக்கிளில் வேலைக்கு வருபவருக்கான ஹெல்மெட்

“சைக்கிளில் வேலைக்கு வரும் ஊழியர்களுக்கு ஹெல்மெட், முன்விளக்கு, பின்விளக்கு, பூட்டு, ஒளிரும் மேலங்கி ஆகியவை நிறுவனத்தின் செலவில் வழங்கப்படும். நேரடி ஊழியர்களுக்கு மட்டும்.” அக்டோபர் இரண்டாம் செவ்வாயன்று எங்கள் அலுவலகத்துக்கு வந்த சுற்றறிக்கையின் சாரம் இது. அன்றே என் குறிப்பேட்டில் தமிழில் எழுதி வைத்தேன். அபுதாபியில் முசாஃபா தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கு அலுவலகம் எங்களுடையது. நேரடி ஊழியர்கள் முப்பத்தொரு பேர். எல்லோரும் காரிலோ கம்பெனி வண்டியிலோ வருகிறவர்கள். சைக்கிளில் வருகிற ஒரே மனிதர் செல்வராசு. தரை துடைப்பதும் தேநீர் கொடுப்பதும் அவர் வேலை. ஆனால் அவர் ஆள் அனுப்பும் வேறொரு கம்பெனியின் விசாவில் இருக்கிறார்.

திட்டம் ஐரோப்பாவில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் தீட்டப்பட்டது. அங்கே மேலாளர்களும் சைக்கிளில் வருவார்களாம். இங்கே சனிக்கிழமை காலைகளில் அதற்கென்றே போட்ட பாதையில் உடம்பு இளைக்க ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள் டிரெய்லர் லாரிகள் போகும் சாலையின் ஓரத்தில் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து டூட்டிக்கு ஓட்டுகிறார்கள். செல்வராசுவின் கேம்ப் பஸ் பெரிய சைட்டுக்கு மட்டும் போகிறது. எங்கள் கிடங்கு வழியில் இல்லை. அதனால் ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வங்காளதேசத்துக்காரர் விட்டுச் சென்ற சைக்கிளில், விளக்கும் இல்லாமல், வெறுந்தலையோடு வருவார்.

என் செலவிலேயே ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் இது அவருக்கு வரவேண்டிய பொருள் என்றே எனக்குப் பட்டது. ஆவணங்களின் தேதியும் கையெழுத்தும் சரியா என்று பார்ப்பதே இத்தனை ஆண்டுகளாக என் பிழைப்பு. அப்படிப்பட்டவன், “நீங்கள் சைக்கிளில் வேலைக்கு வருகிறீர்களா?” என்ற விண்ணப்பக் கேள்விக்கு “ஆம்” என்று குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். சைக்கிளோடு படம் வேண்டும் என்றார்கள். செல்வராசுவின் சைக்கிளில் நான் ஏறி உட்கார, படத்தை அவரே எடுத்தார்.

“காலை ஊனாதீங்கண்ணே. நின்னுக்கிட்டு இருக்கிற மாதிரி தெரியுது.”

“ஊனலைன்னா விழுந்துருவேன்யா.”

“நல்லா விழுந்தீங்க. அப்பறம் ஹெல்மெட் ஒங்களுக்கே வேணும்னு ஆயிரும்.”

அலுவலகத்துக்குள் அவருக்கு நான் சார், வெளியே அண்ணன். அவர் அறந்தாங்கிப் பக்கம், நான் பட்டுக்கோட்டை. மனிதவளப் பிரிவின் ஆங்கிலேயப் பெண்மணி படத்தை வெகுநேரம் பார்த்தார். துருவேறிய கைப்பிடி, பின்னால் கயிற்றால் கட்டிய பழக்கூடை. “விண்டேஜ்?” என்று கேட்டார். பழைய சைக்கிளைத் தேடிப் பிடித்து வைத்திருக்கும் ரசனைக்காரன் என்று என்னை நினைத்துவிட்டார். “யெஸ்” என்றேன். பொருள்கள் ஒரே பெட்டியில் வந்தன. அப்படியே செல்வராசுவிடம் கொடுத்தேன். ஹெல்மெட்டின் உள்பஞ்சை விரலால் அழுத்திப் பார்த்து, “நல்ல சாமான்” என்றார். அந்தச் சொல்லின் பொருள் அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஊரில் எங்கள் பகுதியில் அப்போதெல்லாம் விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டினால் போலீஸ்காரர் டயரின் காற்றைப் பிடுங்கிவிடுவார். தலையைப் பற்றி யாரும் கேட்டதில்லை. சைக்கிளுக்கு ஹெல்மெட் என்பதே இங்கு வந்த பிறகு பார்த்தது. வந்த புதிதில் நானும் நல்ல சோப்பைப் பிரிக்காமல் வைத்துவிட்டு மலிவானதைத் தேய்த்துக் குளித்தவன். நல்ல துண்டு, நல்ல போர்வை, நல்ல டார்ச் எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டிக்குப் போய்விடும். பெட்டி ஊருக்குப் போகும். இவ்வளவு தெரிந்த எனக்கே, நவம்பர் கடைசி வாரத்தில் செல்வராசு மேலங்கி மட்டும் போட்டுக்கொண்டு வெறுந்தலையோடு கேட்டைத் தாண்டிப் போனதைப் பார்த்தபோது விஷயம் புரியவில்லை.

மறுநாள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் கேட்டேன்.

“ஹெல்மெட் எங்கய்யா?”

“ரூம்ல இருக்குண்ணே.”

“எந்த ரூம்ல?”

சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. “லீவுல ஊருக்குப் போன ரூம்காரன் கருப்பையாகிட்ட குடுத்து விட்டுட்டேன். லைட்டு, பூட்டு எல்லாம். பெரியவ ப்ளஸ் ஒன் படிக்கிறா. கவருமெண்டு சைக்கிள் குடுத்திருக்கு. டியூசன் முடிஞ்சு மெயின் ரோட்டுல வருது புள்ள. மணல் லாரி போற ரோடு.”

“இங்க போறது என்ன, தேரா?”

“இங்க லாரிக்காரன் அவன் லைன்ல போவான். அங்க யாருக்குண்ணே லைனு?”

எனக்குக் கோபம் வந்தது. உனக்கு ஏதாவது ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஹெல்மெட் என்ன செய்யும் என்று கத்தினேன். என் செலவில் இன்னொன்று வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சங்கிலியைச் சரிசெய்தார்.

“வேணாம்ணே. அதையும் அனுப்பிருவேன். சின்னவ இருக்கா.”

மேலங்கியை மட்டும் ஏன் வைத்துக்கொண்டாய் என்று கேட்டேன். அது ரோட்டு வேலைக்காரர் சட்டை மாதிரி இருக்கிறது, பிள்ளை போட்டால் மற்ற பிள்ளைகள் கேலி செய்யும் என்றார்.

இப்போது அவர் கிளம்பும் நேரத்தில் நான் ஜன்னலருகே போய் நிற்கிறேன். இங்கே மாலை ஐந்து என்றால் அங்கே ஆறரை. அவர் கேட்டைத் தாண்டும் அதே வேளையில் அங்கே டியூசன் விடுகிறது. தகப்பன் ஒரு சாலையிலும் மகள் இன்னொரு சாலையிலும் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். மேலங்கி இங்கே மின்னுகிறது. பின்விளக்கு அறந்தாங்கிச் சாலையில் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும். பார்ப்பது எந்தச் சாலையை என்று சில நாள் எனக்கே தெரிவதில்லை.

மகள் தினமும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டுதான் போகிறாள் என்கிறார் செல்வராசு. தோழிகள் சிரிக்கிறார்கள் என்று கைப்பிடியிலேயே மாட்டிக்கொண்டு போவதாக அவர் மனைவி ஒருமுறை போனில் சொன்னாராம். அந்த ஹெல்மெட் யாருடைய தலையிலாவது இருக்கிறதா என்பதை இதை எழுதும் இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.