மட்டைக்கு வெச்ச சந்தனம்

கீரப்பாளையத்துல கோல்ஃப் ஆடுற பொண்ணுன்னா நான் ஒருத்திதான். அதனால ஊர்ல எனக்குப் போட்டியும் கெடையாது, மரியாதையும் கெடையாது. அப்பா கடலூர் பக்கம் ஒரு கம்பெனி குடியிருப்புல தண்ணி மோட்டார் பாக்குற வேலையில இருந்தாரு. அங்க ஒரு கோல்ஃப் மைதானம். ஸ்கூல் லீவுக்கு அப்பாவோட போயி பந்து பொறுக்குனேன், அப்புறம் பந்து அடிச்சேன், கடைசில அதுவே பொழப்பாப் போச்சு.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல என் பையப் பாத்துட்டு கண்டக்டருங்க, "என்னம்மா, நாதஸ்வரமா?"ன்னு கேப்பாங்க. ஆரம்பத்துல வெளக்கம் சொன்னேன். அப்புறம் அலுத்துப்போயி ஆமான்னுட்டேன். ஒருத்தர் விடாம, "எந்தக் கோயில்ல வாசிக்கிற?"ன்னாரு. அதுக்கும் ஒரு கோயில் பேரச் சொன்னேன்.

அமெச்சூரா இருக்குற வரைக்கும் கப்பு குடுப்பாங்க. பீரோ மேல எடமில்லாத அளவுக்கு வாங்கிட்டேன். "இத வெச்சு கொழம்பா காச்சறது?"ன்னு மாமா வரும்போதெல்லாம் கேப்பாரு. ஆடிச் சம்பாதிக்கணும்னா புரொபஷனல் கார்டு வேணும். அதுக்கு சென்னையில தகுதிப் போட்டி, பல நாள் நடக்கும். "இந்தத் தடவ கெடைக்கலன்னா காட்டுமன்னார்கோயில்காரங்கள பொண்ணு பாக்க வரச் சொல்லிடுவேன்"னு அப்பா சொல்லிட்டாரு. வெளயாட்டுக்குச் சொல்லல. மாப்ள வீட்டுக்கு ரைஸ்மில் இருக்கு. ரைஸ்மில்லுல எனக்கென்ன வேல?

கடைசி நாள் ஆட்டம் விஜயதசமி அன்னிக்கு விழுந்துச்சு. அதுக்கு மொத நாள் ஆயுத பூஜை. நானும் அம்மாவும் சென்னையில சித்தி வீட்டுல தங்கியிருந்தோம். ஆயுத பூஜைன்னா அம்மா எதையும் விட்டுவெக்காது. மிக்ஸி, அரிவாமணை, சித்தியோட ஸ்கூட்டி, சித்தப்பாவோட லேப்டாப், எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். ஆடிட்டு வந்து நான் குளிக்கப் போன நேரத்துல என் மட்டைங்களும் சாமி முன்னாடி போயிடுச்சு. பந்து படுற மூஞ்சியிலயே பொட்டு. கைப்பிடியில வெச்சிருக்கக் கூடாதான்னு கேட்டேன். "பொட்ட மூஞ்சில வெக்காம கையிலயா வெப்பாங்க?"ன்னு திருப்பிக் கேட்டுச்சு.

விடிஞ்சு சூடம் காட்டுற வரைக்கும் எதையும் தொடக்கூடாது. காட்டி முடிச்சதும் அவசர அவசரமா தொடச்சுட்டுக் கெளம்புனேன். ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு. மணல்குழியில விழுந்த பந்த எடுக்குற மட்டை.

ஆட்டம் முடியப்போற நேரம். இப்படியே போனா கார்டு எனக்குத்தான். பந்து மணல்ல போயி விழுந்துச்சு. எறங்கி அடிச்சேன். எழும்பி, கொடி நட்ட குழிக்குப் பக்கத்துல போயி உக்காந்துச்சு. அன்னிக்கு அடிச்சதுலயே நல்ல அடி அதுதான். மணலத் தொடைக்கிறப்ப பாக்குறேன், மட்டையோட மூஞ்சியில இருக்குற கோட்டுக்குள்ள எல்லாம் மஞ்சளா காஞ்ச சந்தனம். அடிப்பாவி அம்மா!

பந்து நல்லாப் போறதுக்காக மட்டையில எதையாவது பூசி அடிச்சா ஆட்டத்துலேர்ந்தே தூக்கிடுவாங்க. கூட ஆடுனவங்க யாரும் பாக்கல. ஆனா இந்த ஆட்டத்துல திருடனும் நாமதான், போலீசும் நாமதான். கையத் தூக்கி நடுவரக் கூப்புட்டேன்.

அவர் பேட்டரி வண்டியில வந்தாரு. வண்டி முன்னாடி வாழக்கன்னும் மாவிலையும் கட்டியிருந்துச்சு. எனக்குக் கொஞ்சம் உசுரு வந்துச்சு. மட்டைய வெயில்ல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "யாரு வெச்சது?"ன்னாரு. வேடிக்க பாக்குறவங்களுக்குக் கட்டுன கயித்துக்கு அந்தப் பக்கம் நின்ன அம்மாவக் காட்டுனேன்.

"எதுக்கும்மா இது?"

"ஆயுத பூஜை சார்."

"அது சரி. பந்து நல்லாப் போகணும்னு வெச்சீங்களா?"

"பின்ன, போகக்கூடாதுன்னா வெப்பாங்க?"

செத்தேன். நடுவர் தொப்பியக் கழட்டி மறுபடி போட்டுக்கிட்டாரு. "நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா. வழக்கத்துக்கு வெச்ச பொட்டுன்னா ஒண்ணுமில்ல. அதால பந்து நல்லாப் போகும்னு வெச்சிருந்தா, உங்க பொண்ணு இதோட வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அம்மா என்னப் பாத்துச்சு. நான் ஒரு சாடையும் காட்டல, சத்தியமா. அழுவாம நிக்கிறதே எனக்குப் பெரிய வேலையா இருந்துச்சு. வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போகாம பச்சத்தண்ணி குடிக்காத பொம்பள அது. முந்தானைய இழுத்துச் சொருகிட்டு, "அது சும்மா வெச்ச பொட்டு சார். அதுக்கு ஒரு சக்தியும் கெடையாது"ன்னு சத்தமா சொல்லுச்சு. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பி கன்னத்துல போட்டுக்கிச்சு.

"தண்டனை இல்ல. தொடச்சுட்டு ஆடும்மா"ன்னுட்டு நடுவர் வண்டியில ஏறிட்டாரு.

கார்டு கெடச்சுது. ரைஸ்மில்காரங்க வேற எடத்துல பொண்ணு பாத்துட்டாங்க. நல்லா இருக்கட்டும்.

சென்னையிலேர்ந்து வந்து பஸ்ஸ விட்டு எறங்குனதும், பையும் கையுமா என்ன நேரா சிதம்பரம் கோயிலுக்கு இழுத்துட்டுப் போச்சு அம்மா. ஏதோ வேண்டுதல்னு நெனச்சேன். சன்னிதியில கண்ண மூடாம சாமியவே பாத்துட்டு நின்னுச்சு. எப்பவும் கேக்குற எதையும் கேக்கல. அப்புறம், பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட பேசுற மாதிரி, கொரல மட்டும் எறக்கிச் சொல்லுச்சு.

"புள்ளைக்காகப் பொய் சொல்லிட்டேன். சொன்னது நானு. கோவம் இருந்தா எம்மேல காட்டிக்க. அவளுக்கு அடுத்த வாரம் மேட்ச் இருக்கு."